ஐந்து ஐந்து ஐந்து ஐந்து

என் அண்ணன் மாவையாவின் தொடையில் அம்பை இறக்கியவன் அக்கரை ஊர்த் தவ்ரி. வேட்டைக் காட்டின் எல்லை யாருடையது என்ற தகராறு. பதிலுக்கு நாங்கள் அவன் குடிசையைக் கொளுத்தினோம். அடுத்தது பிணம்தான் என்று பயந்த இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வள்ளிக்கிழங்கில் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் ஒரு முழுத் தாம்னோ அடுக்கிக் காட்டினால் காடு எங்களுக்கு. குறைந்தால் அவர்களுக்கு. தெற்குப் பாப்புவாவில் இதற்கு மறுபேச்சு கிடையாது.

நாங்கள் ஆறு ஆறாக எண்ணுகிறவர்கள். இரண்டு பேர் ஆளுக்கு மூன்று கிழங்கு கொண்டுபோய் வைத்தால் ஒரு நடை. ஆறு நடை ஒரு குவியல், ஆறு குவியல் ஒரு வரிசை, ஆறு வரிசை ஒரு தாம்னோ. பத்துப் பத்தாக எண்ணுகிறவர்கள் அதை ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்பார்கள்.

எங்கள் ஊருக்காக நான் தூக்கினேன், அவர்கள் ஊருக்காகக் கர்பு. மூன்றாவது வரிசையில், நான் கீழே வைத்த கிழங்கு ஒன்று இரண்டாகப் பிரிந்தது. சேற்றால் ஒன்றாக ஒட்டியிருந்த இரண்டு கிழங்குகள். அந்த நடையில் ஆறல்ல, ஏழு. அதற்குள் எண்ணிக்கையைக் கூவிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் தடுமாறி நிற்க வெட்கமாக இருந்தது. எப்படியும் கிழங்கு மிஞ்சும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மிஞ்சவில்லை. ஐந்து வரிசை, ஐந்து குவியல், ஐந்து நடை, கடைசியில் எங்கள் கையில் ஐந்து கிழங்கு. இன்னும் ஒன்று இருந்திருந்தால் நடை, குவியல், வரிசை, தாம்னோ எல்லாம் ஒரே மூச்சில் நிறைந்திருக்கும்.

தவ்ரி சிரித்தான். "எல்லாம் அஞ்சுலயே நிக்குது மாவையா. உன் காலு மாதிரி இதுவும் நொண்டுது."

ஒரு நடையில் ஏழு வைத்துவிட்டேன் என்று நான் கத்தினேன். அண்ணன் காதில் ஏறவில்லை. கிழங்கு தோண்டும் கருங்கோலை ஓங்கித் தவ்ரியின் வாயில் அடித்தான். தவ்ரி பற்களைத் துப்பிக்கொண்டு எழப் பார்த்தான். இரண்டாவது அடி மண்டையில் விழுந்தது. மூன்றாவது அடிக்குத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் அடித்தான். காலையிலிருந்து என் பக்கத்தில் நடந்த கர்பு வில்லை எடுத்தான். அம்பு அண்ணனின் கழுத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. நான் தாங்கிப் பிடித்தேன். என் நெஞ்செல்லாம் அவன் ரத்தம் கொப்பளித்து வழிந்தது.

மறுநாள் பெரியவர்கள் சிதறிய கிழங்குகளைப் பொறுக்கித் திரும்ப எண்ணினார்கள். தாம்னோ முழுசாக இருந்தது.

அண்ணனைப் புதைத்துவிட்டு, ஆயுதம் இல்லாமல் ஆற்றைக் கடந்தேன். தவ்ரியின் அண்ணன் கொமோவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

என் வலது கையை மரத்துண்டின் மேல் வைக்கச் சொன்னான். வைத்தேன். கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று விரல்களை நசுக்கினான். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தான்.

"தம்பிக்கு இன்னும் குழி வெட்டல. ஆளு பத்தல," என்றான்.

இடது கையால் வெட்டினேன். எதிர்ப்பக்கம் கர்பு மண் அள்ளிக்கொண்டிருந்தான். குழி இடுப்பளவு இறங்கியது. பிறகு அவன் என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டு, உட்காரச் சொன்னான்.