பத்து நிமிடமும் நீலம்

பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷமாகச் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தவளைப் பிள்ளைகள் எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தி மட்டும், அதுவும் பள்ளி வாசலைத் தாண்டிய பிறகுதான், அத்தை என்பாள். அவள் இந்த லேப் அக்காவின் அண்ணன் மகள். அந்த வருஷம் இறுதித் தேர்வு எழுதுகிறவள்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா அமைலேஸ் புட்டியைத் திறந்தாள். பொடியாக இருக்க வேண்டியது ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. லேபிளில் இருந்த தேதி முடிந்து இரண்டு வருஷம். சரி, செய்து பார்ப்போம் என்று கரைத்தாள். நம் எச்சிலில் இருக்கிற அதே நொதிதான் அது. மாவுத் தண்ணீரில் அதை ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, தட்டின் குழிகளில் இருக்கும் அயோடினில் விட வேண்டும். மாவு இருக்கும்வரை கருநீலம் காட்டும். நொதி அதைச் சர்க்கரையாக உடைத்துவிட்டால் நீலம் வராது. நல்ல தூள் என்றால் ஆறு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இது அரை மணி நேரமாகியும் மை கொட்டின மாதிரியே இருந்தது.

உயிரியல் வாத்தியாரிடம் ஓடினாள்.

"சார், தூள் செத்துப்போச்சு. நாளைக்கு வேலைக்கு ஆகாது."

"ரெண்டு பங்காப் போடுங்க. வேலை செய்யும்."

"போட்டும் பார்த்துட்டேன் சார். பேசாம நானே வாயைக் கொப்பளிச்சுட்டு ஒரு டம்ளர் எச்சில் துப்பிக் கொடுத்துடறேன். கணக்கா வேலை செய்யும்."

வாத்தியார் முகத்தைச் சுளித்தார். "எச்சில் கூடாதுன்னு சுற்றறிக்கையே வந்திருக்கு. தெரியாதா உங்களுக்கு? புதுத் தூள் கேட்டு எழுதி நாலு மாசம் ஆச்சு. வரலைன்னா நான் என்ன பண்ண?"

மறுநாள் காலை வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. வந்ததும் முதல் வேலையாக அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி, அயோடின் தீர்ந்தா ஊத்துங்க. பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா அந்தப் பிள்ளையோட தாள் ரத்து."

இருபத்திரண்டு பேர் வேலையை ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிஷம் போனது. யார் தட்டைப் பார்த்தாலும் நீலம். ஆறு, ஏழு. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவன் குனிந்து எதையோ எழுதினான். அவன் எழுதினதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் எழுதினாள். அக்கா அயோடின் புட்டியோடு நடந்தபோது கண்ணில் பட்டது. ஆறு நிமிஷம், ஆறு நிமிஷம், ஆறரை. பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான்.

கடைசி மேஜையில் அண்ணன் மகள் இன்னும் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது சொட்டும் நீலம். பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறுன்னு போடுடி. தேர்வாளர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அயோடினை ஊற்றினாள், நகர்ந்தாள். திரும்பி வரும்போது தாளில் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: 'பத்து நிமிடமும் நீலம். நொதி செயல்படவில்லை.'

தேர்வு முடிந்து பிள்ளைகள் போனதும் அக்கா தேர்வாளரிடம் போனாள்.

"சார், தூளே கெட்டுப்போனது. இருங்க, இப்பவே செஞ்சு காட்டறேன்."

"எனக்குக் கொடுத்த விடைக்குறிப்புல அஞ்சுலேருந்து ஏழு நிமிஷம்னு இருக்கும்மா. நான் அதைத்தான் பார்க்க முடியும்."

"அப்ப இல்லாததைப் பார்த்ததா எழுதினவங்களுக்கு?"

"அது எனக்குத் தெரியாது. தாள்ல இருக்குறதுதான் தெரியும்." கெட்ட மனுஷன் மாதிரி அவர் பேசவில்லை. களைத்துப்போனவர் மாதிரிதான் பேசினார். அடுத்த பள்ளிக்கு நேரமாகிறது என்று விடைத்தாள் கட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா அன்று சாயங்காலமே நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, புட்டியின் தேதியையும் குறித்து, தலைமையாசிரியையிடம் கொண்டுபோனாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"இதை மேல அனுப்பினா, காலாவதியான தூளை ஏன் வெச்சிருந்தேன்னு முதல்ல உன்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம்."

"அடுத்தது என்னைக் கேப்பாங்க." தாள் இழுப்பறைக்குள் போனது. அதன்பிறகு அக்கா மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது. நான்காவது தடவை போக அவளுக்குக் கால் வரவில்லை.

ரிசல்ட் வந்தது. அந்த ஒரு கேள்வியில் மட்டும் எட்டு மார்க் போயிருந்தது. மருந்தாளர் படிப்புக்கு ஐந்து மார்க் குறைந்து, இடம் கிடைக்கவில்லை. பிள்ளை மூன்று வருஷமாக ஆசைப்பட்ட படிப்பு.

அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி உள்ளே வரச்சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த அண்ணன், கைக்கரியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "நீ உள்ளேயேதானே இருந்தே?"

"இருந்தேண்ணா."

அவன் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனான். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, என் இடத்துல நீங்க இருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"ஆறு நிமிஷம்னு எழுதியிருப்பேன்."

பிள்ளை தலையை ஆட்டினாள். எழுந்து, விளக்கைப் போடாமலே சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "அத்தையைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது, அக்காவின் காதில் விழுந்தது.