மல்லிகைப் பந்தலில் ஒரு ஜன்னல்

தேநீரை வடிகட்டிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்த பூவிழியின் கை அப்படியே நின்றுவிட்டது. மல்லிகைப் பந்தலின் நடுவே ஒரு திறப்பு. கொடி தானாக விட்ட இடைவெளி இல்லை அது. யாரோ கத்தரிக்கோலால் இலைகளை ஒழுங்காக நறுக்கி எடுத்திருந்தார்கள். அதன் நடுவில் கொண்டைக்குருவியின் கூடு, தாம்பாளத்தில் எடுத்து வைத்த சீரைப் போல, ஊருக்கே தெரிய உட்கார்ந்திருந்தது.

அரூரில் அம்மா வீட்டுக்குப் போய், அம்மாவோடு தீர்த்தமலை ஏறி இறங்கி, நேற்று பென்னாகரம் திரும்பும்போது இருட்டிவிட்டது. கொல்லைப்பக்கம் அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் பேருந்தில் கண்ணை மூடினால் அந்தக் கூடுதான் வந்தது. இலைகளுக்குப் பின்னால் கறுப்புக் கொண்டையோடு அடைகாத்த பறவை, அதன் வாலடியில் குங்குமம் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்பு. குஞ்சு பொரித்திருக்குமோ என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள். கனவில் மலையே ஒரு பெரிய கூடாக இருந்தது.

தை மாதம் கல்யாணமாகி வந்தவள். கணவன் பிரபாகர் கல்யாணப் போட்டோகிராபர். முகூர்த்த நாளென்றால் விடியும் முன்பே கிளம்பிவிடுவான். வந்த புதிதில் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. ஒருநாள் தன் பழைய கேமராவை ஜன்னலோரம் வைத்து, சும்மா இருக்கும்போது எதையாவது எடு என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் செம்பருத்தியில் தொங்கிய தேன்சிட்டை எடுத்தாள். முருங்கைக்கடியில் பங்காளிச் சண்டை போடும் தவிட்டுக்குருவிகளை எடுத்தாள். மாலையில் அவன் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவன் தோள் அவள் தோளில் படும். குடும்பம் நடத்தும் பேச்சையெல்லாம் அவர்கள் பறவைகள் வழியாகத்தான் பழகிக்கொண்டார்கள்.

கூட்டின் படங்களில் மட்டும் அவனுக்குக் குறை இருந்தது. எப்போதும் ஓர் இலை குறுக்கே வருகிறதாம். பூமாலைக்குள் பாதி மறைந்த மணப்பெண் முகம்போல அந்த இலைதான் அழகு என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் விட்டுவிட்டாள்.

இப்போது அவன் பின்னால் வந்து நின்றான். முகத்தில் பரிசு கொடுக்கப் போகிறவனின் சிரிப்பு.

"பாத்தியா பூவு? நீ வர்றதுக்குள்ள குறுக்க வந்த எலயெல்லாம் க்ளியர் பண்ணி வெச்சிட்டேன்."

அடுப்போரம் இருந்த மாமியார் செல்லம்மாள், "கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்களையே ஓரமா நில்லுங்கன்னு வெரட்டறவன், எலைய வுட்டு வெப்பானா?" என்றாள்.

பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. வைகாசி வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று குஞ்சுகள், இறகு முளைக்காத சிவந்த உடம்புகள், தலையைத் தூக்கக்கூட முடியாமல் வாய் பிளந்து கிடந்தன. தாய் இரண்டு சிறகையும் விரித்து அவற்றின்மேல் குடையாக நின்றது. அதன் வாயும் திறந்தே இருந்தது. இரை தேடப் போனால் குஞ்சுகள் வெயிலில் வெந்துபோகும், போகாவிட்டால் பசியில் போய்விடும்.

"ஏங்க, அது தண்ணி குடிக்கக்கூட போவ முடியாம நிக்குதுங்க" என்றாள். அவன் அப்போதுதான் கேமராக்காரன் கண்ணால் இல்லாமல் வெறும் கண்ணால் கூட்டைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

அந்த நேரம் மதில்மேல் செம்போத்து ஒன்று வந்து இறங்கியது. செம்பழுப்புச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். செல்லம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் செம்போத்து முகத்தில் விழித்தால் வீட்டில் நல்லது நடக்கும் என்று சொல்லி, மருமகளின் வயிற்றை ஒருமுறை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செம்போத்து யாரையும் பார்க்கவில்லை. அதன் சிவப்புக் கண் பந்தலின் திறப்பிலேயே நின்றது.

பூவிழி கையில் கிடைத்த மூடியால் ஜன்னல் கம்பியில் படபடவென்று தட்டினாள். செம்போத்து முருங்கைக்குத் தாவியது. கொண்டைக்குருவியும் பதறிப் பறந்தது.

"சகுனத்தப் போயி தொரத்துறியே, ஆத்தா."

"அது குஞ்சத் திங்க வந்திருக்குங்க, அத்தை."

செல்லம்மாள் ஜன்னலருகே வந்து, பிளந்த மூன்று வாய்களையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் சாத்தியிருந்த குச்சியோடு முருங்கையை நோக்கி நடந்தாள். "நல்ல சகுனம் நாளைக்கு வரட்டும்" என்றாள்.

வெட்டிய இலையை ஒட்டவைக்க முடியாது. பிரபாகர் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது, மணமேடை ஜோடிப்பவரிடம் வாங்கிய பிளாஸ்டிக் இலைப் பாய் ஒன்று தோளில் கிடந்தது. எத்தனையோ மணமக்களை முன்னால் நிறுத்தி அவன் படம் எடுத்த பச்சை அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூட்டைத் தொடாமல், மேலும் முன்னுமாகச் சணல் கயிற்றால் கட்டினான். கூட்டின்மேல் நிழல் விழுந்தது. பக்கவாட்டில் மட்டும் ஒரு பறவை நுழையும் வழி விட்டான்.

மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் இப்போது கூடே இல்லை.

"இனிமே உனக்குப் போட்டோ கெடைக்காது" என்றான், அவளைப் பார்க்காமல்.

"எல குறுக்க வந்தாத்தாங்க எனக்குப் புடிக்கும்."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு கேமராவை எட்டி எடுத்தான். கண்ணுக்குக் கொண்டுபோகாமல், லென்ஸின் மூடியை மெல்லப் போட்டு, அவள் கைக்கருகே வைத்தான்.

வெகுநேரம் கழித்துத் துணிக்கொடியில் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. இந்த வெயிலிலும் வாடாத அந்த இலைகளைத் தலைசாய்த்துப் பார்த்தது. கொடியில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து மறுபடியும் பார்த்தது. முருங்கைக்கடியில் தவிட்டுக்குருவிகள்கூடச் சண்டையை நிறுத்தியிருந்தன. பூவிழி கண் இமைத்த நேரத்தில் துணிக்கொடி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

பந்தலில் எங்கோ ஓர் இலை அசைந்தது. பிளாஸ்டிக் இலையா, மல்லிகை இலையா என்று இங்கிருந்து தெரியவில்லை.