வண்டி ஓடுது

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அந்த வீட்டு வாசலில் ஜீப்பின் பானெட் திறந்திருக்கும். வீட்டுக்காரரின் தலை அதற்குள் இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். எந்த வால்வு தட்டுகிறது, எந்தப் பேரிங் தேய்கிறது என்று அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். மலை மேல் நிற்கும் மின்கோபுரங்களைப் பார்வையிடுவது அவர் வேலை. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் அவருக்கு அலுவலகமே ஆரம்பிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய ஜீப்பை வைத்து, கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'ஃபோர்வீல்' என்று பேர் சூட்டிவிட்டார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருந்தார். அவருடைய மனைவி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர், மாடியிலிருந்து டீயோடு இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். மறுபடி இறங்கினார். எஞ்சின் சத்தத்தில் அந்த மூச்சிரைப்பு ஃபோர்வீலின் காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம். எஞ்சினை அணைத்த பிறகும் விழவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

"டீ ஆறுதுங்க."

"இரு இரு. இன்ஜெக்டர் பக்கம் ஒரு சத்தம் வந்துச்சு, கவனிச்சியா?"

"எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்குது."

"காது குடுத்துக் கேக்கணும்மா. பாவம், வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன கஷ்டம்னு நாமதானே தெரிஞ்சுக்கணும்?"

டீச்சர் சிரித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஃபோர்வீல் நினைத்தார்.

அந்த வீட்டில் அப்போது ஒரே ஒரு பிரச்சினைதான் பேசப்பட்டது. ஜீப்பின் புது மாடல் வந்திருந்தது. அதில் கியர் தானாக மாறுமாம். பின்னால் கல் கிடந்தால் முன்னால் திரையில் தெரியுமாம். சீட்டிலிருந்து குளிர்காற்று வருமாம். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுப்பதா, பழசையே ஓட்டுவதா? காலையில் "மாத்திடலாம்" என்பார். மாலையில் மலையிலிருந்து சேறும் சகதியுமாகத் திரும்பும்போது, "இது இரும்புடா ராஜா! புதுசுல பாதி பிளாஸ்டிக்" என்று ஜீப்பின் கதவைத் தட்டிக்கொடுப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாலும் இதே கதைதான். "பாப்பா, வெள்ளையா, சாம்பல் கலரா? சட்டுனு சொல்லு." அவள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பாள். "எப்படிம்மா இருக்கே?"

"எனக்கென்ன, வண்டி ஓடுது."

நாம் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. உடம்பையும் பிழைப்பையும் சேர்த்து வண்டி என்று சொல்லிச் சிரித்துவிடுவோம். ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

ஆனால் டீச்சரின் வண்டி சரியாக ஓடவில்லை. படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. மாலையில் செருப்பு கடிக்கிற அளவுக்குக் கால் வீங்கியது. வயது ஏறுகிறது, எடை கூடுகிறது என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார். அதையும் மீறி ஒரு நாள் பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் கண் இருட்டியது. இன்றைக்கு அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஃபோர்வீல் சாப்பாட்டு மேஜையில் புது மாடலின் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். டீச்சர் பையை இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சம். அதனால் வழக்கம்போல விளையாட்டாகவே ஆரம்பித்தார்.

"ஏங்க, வண்டி முன்ன மாதிரி இல்லைங்க. ஏத்தம் வந்தா மூச்சு வாங்குது. நடுவழியில எங்கேயாவது நின்னுருமோன்னு பயமா இருக்கு."

ஃபோர்வீல் துள்ளி எழுந்துவிட்டார்.

"அப்படிச் சொல்லு! இதைத்தான் நானும் நெனச்சேன். என் காதுக்குத்தான் பிரமையோன்னு பாத்தேன், உனக்கே தெரியுதுன்னா அப்புறம் என்ன? முடிஞ்சது. மாத்திடலாம்!"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தார். எதிரில் நின்றவர் முகத்தில், மிட்டாய் கிடைத்த பிள்ளையின் சந்தோஷம். வாயை மூடிக்கொண்டார்.

"மாத்த முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் பக்கமும் தப்பு உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் நாலு தரம் சொல்லுவார், படம் போட்டுக் காட்டுவார். வீட்டில் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொண்டார். நம் வீடுகளில் பெண்கள் தங்களுக்காகப் பேசும்போது ஒரு தரத்துக்கு மேல் பேசுவதில்லை.

அடுத்த வாரம் இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். பழைய ஜீப்பை எடுத்துக்கொள்வதற்கு முன், விற்பனையாளர் அதைக் கீழே குனிந்தும் மேலே ஏறியும் சோதித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு உண்மையாகவே வியந்துபோனார்.

"இத்தனை வருஷ வண்டின்னு யாரும் நம்ப மாட்டாங்க சார். ஒரு சின்னக் குறையைக்கூட நீங்க கவனிக்காம விட்டதில்லை போலிருக்கே!"

"சத்தத்தை வச்சே சொல்லிருவேன்" என்றார் ஃபோர்வீல்.

பக்கத்தில் டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உதடு வெளுத்திருந்தது. புது வண்டியை ஓட்டிப் பார்க்க அழைத்தபோது அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். பழைய ஜீப்பிலாவது கால் வைத்து ஏற ஒரு படி உண்டு. இதில் அதுவும் இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"அட, வாம்மா! சீட்டுல காத்து வரும்."

"அப்புறம் ஏறிக்கறேங்க."

ஃபோர்வீல் மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பினார். வண்டி மேட்டில் ஏறியதே தெரியவில்லை. முனகல் இல்லை, உதறல் இல்லை. அப்போதே பெயரைச் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற துடிப்போடு உள்ளே நுழைந்தார். ஒரு நாற்காலியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பழைய ஜீப்தான் ஓடியது. ஒரு இடத்திலும் திணறவில்லை. விற்றுவிட நினைத்த வண்டி சொன்னபடி ஓடியது.

சோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா ஃபோர்வீலை உள்ளே கூப்பிட்டார்.

"இதயத்துல வால்வு சுருங்கிப் போயிருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கும். படி ஏறும்போது மூச்சு வாங்கலையா?"

"தெரியலைங்க."

"கால் வீங்கலையா?"

"தெரியலைங்களே."

"ஸ்டெதாஸ்கோப் வச்சாலே சத்தம் கேக்குமே சார். எந்த டாக்டர்கிட்ட காட்டியிருந்தாலும் அப்பவே சொல்லியிருப்பாங்க. சரி பண்ணக்கூடிய வியாதிதான் இது. ஆனா இப்ப ஆபரேஷனைத் தாங்குற நிலைமை இல்லை. முடிஞ்சதைச் செய்யறோம்."

வால்வு. சத்தம். ஃபோர்வீலுக்கு இந்த இரண்டு வார்த்தைகளும் தன் பெயரை விட நன்றாகத் தெரியும். வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

டீச்சர் கண் விழித்தபோது மகளும் வந்து சேர்ந்திருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவர். டீச்சர் கணவரைத் தேடிப் பார்த்து, "புக் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அதை விடும்மா. இவ்வளவு நாளா ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. ஏத்தத்துல மூச்சு வாங்குது, நின்னுருமோன்னு பயமா இருக்குன்னு."

"அது ஜீப்பை..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார்.

"நான் என்னைச் சொன்னேங்க." டீச்சர் இன்னும் அதே சிரிப்பைத்தான் சிரித்தார். "நீங்க அவ்வளவு சந்தோஷமா துள்ளுனீங்க. அதைக் கெடுக்க மனசு வரலை. புது வண்டி வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் டீச்சரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்ப சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. கேக்கறேன்" என்றார். டீச்சருக்குப் பேச மூச்சு போதவில்லை. மறுநாள் மாலை, மகள் வாங்கி வந்த பால் ஆறுவதற்குள், அந்த மூச்சும் நின்றது.

"அம்மாவுக்கு இப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதாப்பா?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அழுதுகொண்டே, நிஜமாகத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். எந்த மாதம் எஞ்சின் ஆயில் மாற்றினோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

புது ஜீப் வேண்டாம் என்று ஷோரூமுக்குச் சொல்லிவிட்டார். பழையது வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பானெட் திறப்பதில்லை. டீச்சர் உட்கார்ந்த அதே வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்து கிளார்க் அவரைப் பார்க்க வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல், "எப்படி சார் இருக்கீங்க?" என்றார்.

"வண்டி..." என்று வாய் தானாகத் தொடங்கியது. மீதி வரவில்லை.

கிளார்க் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றினார். "நானும் வண்டியை மாத்தலாம்னு இருக்கேன் சார். பழசும் நல்லாத்தான் ஓடுது, ஆனா புதுசு மேல ஆசையா இருக்கு. உங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு..."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன சார், வண்டி ஓடுது!"

ஃபோர்வீல் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"யாரு சொன்னா? அவங்களா, நீயா?"

கிளார்க் விழித்தார்.

"வண்டிக்குத் தேதி போட்டு சர்வீஸ் பண்றோம். சின்னதா ஒரு சத்தம் வந்தா உடனே தொறந்து பாக்கறோம். வீட்டுக்காக ஓடுற பொம்பளைங்க வாயைத் தொறந்து சொன்னாக்கூடக் காதுல வாங்கறதில்லை. வண்டி என்னப்பா வண்டி? இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குப் புதுசு வாங்கிக்கலாம். முதல்ல அவங்களைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு. ஓடுதுன்னு சொன்னா நம்பாதே. பக்கத்துல உக்காந்து கேளு."

கையை விட்டார். வாசலில் நின்ற ஜீப்பின் பக்கம் திரும்பினார்.

"எந்த வண்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இன்னைக்கு அவ இருந்திருப்பாப்பா. நான் கேக்கலை."