வேலிக்கு இரண்டு எட்டு முன்னால்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. விவசாயப் பத்திரிகை ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டது. ‘கிராமத்து வீட்டுக்கும் கால்நடைகளுக்கும் நல்ல வேலி அமைப்பது எப்படி’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். வேலியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சின்ன வயதில் ஒன்றை ஏறிக் குதித்தபோது கால்சட்டை கிழிந்ததுதான். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். முடியாது என்று சொல்லும் வாய் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: ‘வேலி என்பது நம் உடைமையின் எல்லையைக் குறிப்பதோடு மட்டுமல்லாமல்...’ இதை எழுதிவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாவது முயற்சி: ‘ஒரு வேலியின் உயிர் அதன் மூலைத் தூணில் இருக்கிறது. மூலைத் தூண் சாய்ந்தால்...’ இது உண்மை, விசாரித்துத்தான் எழுதினேன். மூலைத் தூணை ஆழமாக நட்டு, சாய்வாக ஒரு முட்டும் கொடுக்காவிட்டால், கம்பியை இழுத்துக் கட்டிய கொஞ்ச நாளிலேயே அது குனிந்து கும்பிடு போட ஆரம்பிக்கும்.

[வேலி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் அந்தப் பழமொழியை இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமலே உங்களுக்குக் கேட்டிருக்கும்.]

மூன்றாவது முயற்சியில் ஒரு பசுமாடு உள்ளே வந்தது. கேட்டு வழியாக வரவில்லை. தொய்ந்த கம்பியை மார்பால் தள்ளிக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கண் தெரியவில்லை. அத்தோடு கட்டுரை கைவிட்டுப் போயிற்று.

2

மாட்டின் பெயர் மூக்கி. கன்றாக இருந்தபோதே எதைப் பார்த்தாலும் மூக்கை நுழைத்ததால் வந்த பெயர். அவளை வளர்க்கிறவள் ஒரு தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். ஜன்னலுக்கு வெளியே மூக்கி. மெஷின் ஓடுகிறவரை மாடு சும்மா அசைபோடும். நின்றால் ஏன் நிறுத்தினாய் என்பதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். கணவன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான்.

நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, கடைசியில் மூக்கிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மருத்துவர் வந்து பார்த்தார், கையை விரித்தார். அப்போது வீட்டைச் சுற்றி இருந்தது முள்கம்பி வேலி. அது இருக்கிறது என்று மூக்கிக்குத் தெரியவந்ததெல்லாம் மூக்கு கிழிந்த பிறகுதான். நாலைந்து தடவை ரத்தத்தைத் துடைத்த பிறகு, தையல்காரி கையுறை மாட்டிக்கொண்டு முள்கம்பி முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கம்பி கட்டினாள். மாடு மோதாமல் இருக்க, வெட்டி மிஞ்சிய துணிகளைக் கம்பி நெடுக முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டாள். சிவப்பு, மஞ்சள், பச்சை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பஸ்ஸில் நடத்துநர். யாரையும் சும்மா விடமாட்டாள்.

“யாருக்கு அண்ணி இவ்வளவு கலர்? மாடு பார்த்து ரசிக்கவா?”

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணில்லாத மாட்டுக்குக் கலர் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். சமாளித்தாள்: “காத்துல படபடன்னு அடிக்கும்ல. அந்தச் சத்தம் கேட்டு நின்னுக்கும்.”

நம்பினால் நம்புங்கள், அது வேலையும் செய்தது. காற்று அடிக்கிறவரை.

3

காற்றில்லாத ஒரு மத்தியானம் மூக்கி கம்பியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். தையல்காரி கழுத்தில் அளவு டேப்போடு பின்னால் ஓடினாள். சரக்கு வண்டி ஒன்று டயர் தேய நின்றது. மாட்டுக்கும் அவளுக்கும் இடையில் அல்ல. இருவருக்கும் முன்னால், ஒரு கை தூரத்தில்.

கணவன், நம் லாரிக்காரன், வீட்டுக்கு வந்தான். கேள்விப்பட்டான். சாப்பிடக்கூட உட்காரவில்லை.

“புரோக்கருக்குப் போன் போட்டுட்டேன். நான் அடுத்த லோடு ஏத்துறதுக்குள்ள வந்து ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிருக்கேன்.”

பால் வற்றிய, கண் தெரியாத மாட்டைப் புரோக்கர் எங்கே ஓட்டிக்கொண்டு போவான் என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் பிரதியில் லாரிக்காரனுக்குப் பெரிய மீசை வைத்து, அதை முறுக்கவும் விட்டிருந்தேன். மாட்டை விற்கிறவன் கெட்டவன், எழுதுவது சுலபம். ஆனால் அவன் வாயைத் திறந்ததும் என் திட்டம் கவிழ்ந்தது. அவன் சொன்னது இதுதான்:

“மாடு போனா மாடு. நீ போயிட்டா? நான் எங்கயோ ரோட்டுல இருக்கேன். எவனோ போன் பண்ணிச் சொல்லுவான். நான் வண்டிய எங்க நிறுத்திட்டு எப்படி வந்து சேருவேன்?”

மீசையை எடுத்துவிட்டேன்.

4

[இந்தப் பகுதியில் தையல்காரி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவள் அழுகிற ஆளில்லை, சட்டை உள்பக்கமாகத் திரும்பிப்போனாலும் தையலைப் பிரித்து மறுபடி தைக்கிற ஆள். எடுத்துவிட்டேன்.]

5

அவள் செய்தது, கெஞ்சியது. “புரோக்கர ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு வேலி போடுறேன். நிக்கலைன்னா நானே கயித்தப் பிடிச்சுக் குடுத்துடுறேன்.”

“எந்த வேலி போட்டாலும் வேலி இருக்குன்னு அதுக்குத் தெரியணுமே” என்றான். “கண்ணு இருக்கிற நானே ஒரு தடவ ரோட்ட விட்டு இறங்கப் பார்த்தேன்.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்தாயிற்று.

“எப்ப?” என்றாள் அவள்.

“அது ஆச்சு கொஞ்ச நாள். சாப்பிட்டு உடனே வண்டிய எடுத்தேன். கண்ணு சொக்கிடுச்சு. ரோட்டோரத்துல கோடு கோடா மேடு போட்டிருப்பான். டயர் அதுல ஏறினா கடகடன்னு உடம்பே ஆடும். அதுலதான் முழிச்சேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா பள்ளம்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா வண்டி ஓட்ட விடுவியா?”

வாசலில் நின்ற நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அப்ப அன்னிக்கே உன்னையும் புரோக்கர்கிட்ட பிடிச்சுக் குடுத்திருக்கணும் அண்ணே.”

அவன்தான் முதலில் சிரித்தான். தையல்காரி சிரிக்கவில்லை, வெளியே புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாட்டைப் பற்றி இருந்த பயம் இப்போது அவன்மேலும் போய் ஒட்டிக்கொண்டது. அதோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“கல்லு கொட்டுவோம்” என்றாள்.

6

பத்திரிகைக்குத் தர வேண்டிய கட்டுரையின் ஒரே உருப்படியான பத்தி இதோ, இலவசமாக: கண் தெரியாத மாட்டுக்கு வேலி போடுவதானால் முள்கம்பி கூடாது. மரத்தூண் நட்டு, வழவழப்பாக இழைத்த சட்டங்களை மாட்டின் நெஞ்சு உயரத்தில் அடிக்க வேண்டும். தூணுக்கு உள்பக்கமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் மாடு சாய்ந்தாலும் ஆணி பிடுங்கிக்கொள்ளாது. கூர்மையான மூலை ஆகாது, மாடு அதில் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் மிரளும். வேலிக்கு உள்ளே, புல் முடிகிற இடத்திலிருந்து, சரளைக்கல் பரப்ப வேண்டும். புல்லில் போகிற கால் கல்லில் பட்டால், முன்னால் ஏதோ இருக்கிறது என்று மாடு நாளடைவில் கற்றுக்கொள்ளும்.

மூலைகளைத் தையல்காரி சுண்ணாம்புப் பொடியால் தரையில் வளைத்து வரைந்தாள், ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற அதே வளைவு. நாத்தனார் லீவு போட்டுவிட்டுக் குழி தோண்டினாள். லாரிக்காரன் கல் கொண்டுவந்து கொட்டினான். மூஞ்சி மட்டும் உம்மென்றுதான் இருந்தது. வேலியை ஒட்டி ஓர் எட்டு அகலத்துக்குக் கல் பரப்பினார்கள்.

எல்லாம் முடிந்ததும் அவன், “ஒரு துணி குடு” என்றான்.

அவள் கொடுத்த சிவப்புத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்து நடுவில் போய் நின்றான்.

“சுத்தி விடுங்க. எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியக்கூடாது.”

தங்கை, கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாளா, ஆசைதீரச் சுற்றிவிட்டாள். அவன் தள்ளாடி, நிதானித்து, நடக்க ஆரம்பித்தான். அரிசி மூட்டை மாதிரி கனமான ஆள். கோழிக்குஞ்சு மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, இடுப்பை வளைத்துத் தலையை முன்னால் நீட்டிக்கொண்டான், மாடு போவதுபோல.

(இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தேன். எனக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போயிற்று.)

கால் கல்லில் பட்டது. நின்றான். ஆனால் நெற்றி சட்டத்தில் போய் நங்கென்று இடித்துவிட்டது.

தையல்காரி ஓடினாள். அவன் துணியை அவிழ்க்காமலே சொன்னான்: “பத்தாது. அவளுக்குக் காலுக்கு முன்னாடி மூக்கு போகுது. கால் கல்லுல படுறதுக்குள்ள மூக்கு வேலியில இருக்கும். ரெண்டு எட்டாவது வேணும்.”

மூக்கியை ‘அது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் ‘அவள்’ என்றதைத் தையல்காரி கவனித்தாள். நெற்றியைத் தேய்த்துவிட்டாள். அவன் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கல் எடுக்கப் போனான்.

7

முடிவு அ: மூக்கி கல்லில் கால் வைத்து நின்று, திரும்பி, மெஷின் சத்தம் வரும் ஜன்னலுக்கு வருகிறாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். (கொஞ்சம் சர்க்கரை அதிகம்.)

முடிவு ஆ: மூக்கி கல்லையும் கண்டுகொள்ளாமல், சட்டத்தையும் உடைத்துக்கொண்டு ரோட்டை நோக்கி... (எழுத முடியும். இப்படி முடித்தால் என்னைக் கறாரான எழுத்தாளர் என்பார்கள். அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.)

முடிவு இ: முதல் தடவை இடித்துக்கொள்கிறாள், பத்தாவது தடவை கற்றுக்கொள்கிறாள். (உண்மைக்குப் பக்கம் இதுதான். ஆனால் பத்தாவது தடவை வரை புரோக்கர் காத்திருப்பானா?)

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, நடந்த அளவுக்குச் சொல்கிறேன்.

இரண்டு எட்டு அகலத்துக்குக் கல் பரப்பி முடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். காற்று கொஞ்சமும் இல்லை. மூக்கி தரையை முகர்ந்து, காதை அசைத்து, புல்லின் மேல் நடந்தாள். ரோட்டுப் பக்கமாகத்தான் நடந்தாள். லாரிக்காரனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், புரோக்கர். வந்துகொண்டிருக்கிறேன், வழி சொல்லு என்று கேட்கத்தான் இருக்கும்.

மாட்டின் வலது முன்கால் கல்லில் விழுந்தது. சரக்கென்று ஒரு சத்தம். இடது கால் மேலே தூக்கியபடி இருந்தது.

அவன் போனை அணைத்துப் பையில் போட்டான். அந்தக் கால் இன்னும் கீழே வரவில்லை.

தையல்காரி மாட்டைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கிற உங்கள் காலிலும் தட்டுப்பட்டிருக்கும்.

வரிகள் சிறுத்துவிட்டன.

இது புல் இல்லை, கல்.

இன்னும் இரண்டு எட்டில் பக்கம் முடிகிறது.

அந்த இடது காலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பார்த்து வையுங்கள்.