சுவர்ப் பக்கத்து வெல்டு

ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் மூன்று வருடம் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்றால் ஊர் நம்பாது. மாமியாரே நம்பவில்லை. "ரெண்டும் ஒண்ணாச் சேந்து என்னமோ பண்ணப் போகுதுங்க" என்று முதல் வருடம் முழுக்க ஒரு கண்ணை அவர்கள் மேலேயே வைத்திருந்தார். அவர் சந்தேகப்பட்டதும் சரிதான். இருவரும் சேர்ந்து ஒரு காரைக் கட்டினார்கள்.

பெரியவளுக்கு வெல்டிங் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. அவள் கணவர் ஒரு மூலையில் கடைசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட, இவள் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று செய்துகொண்டிருப்பாள். சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். இருபது கிலோமீட்டர் வேகத்தில், தன் பக்கத்துப் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, "கண்ணாடி பாருங்க, சிக்னல் போடுங்க, மெதுவா, மெதுவா" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிப்போகிற வேலை. அப்படிப்பட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது காரைக் குறுக்கே விட்டு ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது நியாயம்தானே.

டிரிஃப்ட் போட்டியில் யார் முதலில் வந்தார் என்பது கணக்கில்லை. வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட வேண்டும். கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். அப்போது முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, அது சுற்றிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். எவ்வளவு குறுக்காகப் போனது, சொன்ன பாதையை விட்டு விலகாமல் போனதா என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

இதற்காகப் பின்சக்கரத்தில் இழுக்கும் ஒரு பழைய டாக்சியைப் பிடித்தார்கள். ஒன்பது மாத வேலை. வளைவில் பின்சக்கரங்கள் இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரங்களைப் பெரியவள் ஒன்றோடொன்று பற்றவைத்துப் பூட்டினாள். அவள் கணவர் முழங்கை நீளத்துக்கு ஒரு கைபிரேக் கடைந்து கொடுத்தார். கடைசியாகக் கூண்டு. கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமலிருக்க, இரும்புக் குழாய்களை வளைத்துக் கூரையை ஒட்டிக் கட்டும் கூண்டு. பெரியவள் அதைக் கட்டி, வழவழவென்று தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்தபோது கடைசல் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டு வந்து பார்த்தார் கணவர்.

போட்டிக்குப் பதிமூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, பாதுகாப்பு ஆய்வு. ஆய்வு செய்பவர் ஒல்லியான மனிதர். பல் மருத்துவர் வாய்க்குள் விடுவாரே, அப்படி நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றும் டார்ச்சும் வைத்திருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், இருக்கையை ஆட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு கண்ணாடியைக் கூண்டுக்கும் கூரைக்கும் நடுவே இருந்த ஒரு விரல் இடுக்கில் நுழைத்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து அந்த இடுக்கில் சுரண்டினார். இருக்கை மேல் வெள்ளையாகப் பொடி கொட்டியது.

"பட்டி" என்றார்.

சின்னவள் புரியாமல் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மூட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமா" என்றாள் பெரியவள்.

அவர் திட்டவில்லை. முன்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். "போட்டி அன்னிக்குக் காலைல மறுபடி பாப்பேன். சுத்தி முழுசா வெல்டு இருந்தா ஓட்டலாம். இல்லன்னா இல்ல." அடுத்த காருக்குப் போய்விட்டார்.

ஜன்னல் கம்பி செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரைப் பார்க்கிற பக்கத்தில் யாரும் வெல்டு வைப்பதில்லை. முன்பக்கம் முக்கால்வாசி பற்றவைத்துவிட்டு, பின்பக்கத்து இடைவெளியைப் பட்டி மாவால் அடைத்துப் பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. ஜன்னல் எங்கே ஓடிப்போகிறது? பெரியவள் கூண்டின் மேல்பக்கத்துக்கு வந்தபோது, கூரைக்கு அடியில் வெல்டிங் ராடு நுழைய இடமில்லை. இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, கை பழகிய வழியிலேயே போய்விட்டாள். தப்பு என்று அப்போதே தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருந்துகொண்டாள்.

இரவல் வாங்கிய சரக்கு வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். சின்னவள்தான் ஓட்டினாள். மூன்றாவது சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தாள்.

"சுத்தி வெல்டு வச்சாச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்ட."

"இடமில்ல, வைக்க முடியலன்னு சொல்லிருந்தீங்கன்னா, வேணாம்னு விட்டிருப்பேன். இல்ல, பரவால்லன்னு ஓட்டிருப்பேன். எதுவா இருந்தாலும் அது நான் எடுக்க வேண்டிய முடிவு, அக்கா. உள்ள உக்காரப் போறது நான்."

பெரியவளுக்கு வாய்வரை ஒரு சமாதானம் வந்தது. அதை விழுங்கிவிட்டாள். பச்சை விழுந்தது.

அன்று சாயங்காலம் கணவர் பட்டறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பாரு. மலைப் பக்கத்துல ஒரு போட்டிக் களம் இருக்காம். அங்க கூண்டெல்லாம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்களாம். அங்க போய் ஓட்டட்டுமே."

"பாக்கறாங்களா இல்லையாங்கறது இப்பப் பேச்சு இல்லைங்க."

"அப்ப கூரையை வெட்டித்தான் எடுக்கணும். வெட்டினா வண்டியே போச்சு."

அவர் போனபின் பெரியவள் காருக்குள் ஏறி, இருக்கைகளைக் கழற்றிப்போட்டு, தரையில் மல்லாந்து படுத்துக் கூண்டைப் பார்த்தாள். விரல் இடுக்கு. கூரையைத் தூக்க முடியாது. கூண்டு கூரையில் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. ஆறு கால்களும் தரைத் தகட்டில்தான் நின்றன. முதுகுக்கு அடியில் அந்தத் தரை சில்லென்று இருந்தது. கையால் அதைத் தட்டிப் பார்த்தாள். மேலே இடமில்லை என்றால் கீழே இடம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆறு காலையும் அறுத்து, ஒவ்வொரு காலுக்கும் அடியில் தரையைச் சதுரமாக வெட்டிவிட்டால், கூண்டு மொத்தமாக ஒரு சாண் கீழே இறங்கும். மேலே கை போகும், ராடு போகும், கண்ணும் போகும். பற்றவைத்துவிட்டு மறுபடி தூக்கிக்கொள்ளலாம்.

திங்கள் காலையில் முன்கண்ணாடியைக் கழற்றினாள். காரை உயரமான ஸ்டாண்டுகள் மேல் ஏற்றினாள். கிரைண்டரை எடுத்து முதல் காலில் வைத்தபோது கை ஒரு நொடி நின்றது. ஒன்பது மாத வேலை. பிறகு பொறி பறந்தது. பகலெல்லாம் ஜன்னல் கம்பி ஆர்டர், நடுவில் கிடைத்த நேரமெல்லாம் கார். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறு காலும் அறுந்து, தரை ஆறு இடத்தில் ஓட்டையாகி, கார் சல்லடை மாதிரி நின்றது.

கூண்டு ஐம்பது கிலோ. இறக்க ஆள் வேண்டும். கணவர் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம், நடுவில் ஜாக்கி. மாமியார் டார்ச் பிடிக்க வந்தார். நான்காவது மூலைக்கு ஆளில்லை. மூன்று நாளாகப் பட்டறைப் பக்கமே வராத சின்னவள், பயிற்சிப் பள்ளியின் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்?" என்று கேட்டாள். பெரியவள் கையைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்றார் மாமியார்.

"இன்னும் இல்ல அத்தை" என்றாள் சின்னவள்.

"சரி, அப்பறமாப் பேசிக்கங்க. எனக்கு டார்ச் பிடிச்சு கை வலிக்குது."

கூண்டு முனகிக்கொண்டு இறங்கியது. ஒரு கால் மட்டும் தரையின் விளிம்பில் மாட்டி, எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பெரியவள் குப்புறப்படுத்து விளிம்பை இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டினாள். தொப்பென்று இறங்கியது. கூரைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எட்டு மூட்டிலும் பட்டி வெள்ளையாக, சுண்ணாம்பு தடவியதுபோல் தெரிந்தது. சின்னவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரியவள் அவளைப் பார்க்க விட்டாள்.

"நான் பொய் சொன்னேன்" என்றாள் பெரியவள். "முடியலன்னு சொல்ல வாய் வரல. வெல்டருக்கு வெல்டு வைக்க முடியலன்னா கேவலம்னு நெனச்சேன்."

சின்னவள் ஆணி ஒன்றை எடுத்து முதல் மூட்டின் பட்டியைச் சுரண்ட ஆரம்பித்தாள். "பயிற்சி ஓட்டத்துல பக்கத்துல ஒரு ஆள ஏத்திக்கலாம்னு விதி இருக்கு" என்றாள் சுரண்டிக்கொண்டே. "நீங்க ஏறணும். நீங்க ஏறினாத்தான் நான் ஓட்டுவேன்."

அறுபது வேகத்துக்கு மேல் போனால் கண்ணை மூடிக்கொள்கிறவள் பெரியவள். "ஏறறேன்" என்றாள்.

வியாழனும் வெள்ளியும் பட்டியைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார்கள். அடுத்த வாரம் முழுக்க வெல்டிங். முன்கண்ணாடி இருந்த திறப்பு வழியாக இடுப்புவரை உள்ளே நுழைந்து, ஒரு கையை ஊன்றி, ஒரு கையால் பற்றவைத்தாள். பொறி சட்டைக்குள் விழுந்து கழுத்தில் கொப்புளம் வந்தது. ஆறாவது மூட்டில், போன தடவை ஒழுங்காகத்தான் வைத்தோம் என்று நம்பியிருந்த பழைய வெல்டில், குண்டூசி முனையளவு ஒரு துளை கண்ணில் பட்டது. பெயின்ட் அடித்தால் மூடிவிடும். கண்ணாடிக்காரர் கண்ணுக்குக்கூடத் தப்பலாம். அவள் சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது ஆபத்தா?"

"உள்ள எவ்வளவு ஆழம்னு வெட்டாமத் தெரியாது. வெட்டினா ஒரு நாள் போயிடும். மூணு நாள்தான் இருக்கு."

சின்னவள் யோசித்தாள். "வெட்டிடுங்க."

வெட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, மேலோடு நின்றிருந்த துளைதான். வீணாகப் போன நாளுக்கு இருவருமே வருத்தப்படவில்லை. வெள்ளிக்கிழமை கூண்டைத் தூக்கி, காலுக்கு அடியில் கனத்த தகட்டில் பெட்டி செய்து வைத்து, தரையை மூடி, கண்ணாடியை மாட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. மூட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வெல்டு வெல்டாகவே தெரியட்டும் என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் எட்டு மூட்டையும் சாவகாசமாகப் பார்த்தார். சின்னச் சுத்தியால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பிறகு குனிந்து காரின் அடியில் டார்ச் அடித்தார்.

"தரையை வெட்டினீங்களா?"

"ஆமாங்க."

"ம்" என்றார். "ஓட்டுறவங்க சீட்டுக்கு அடில ஒரு நட்டு லூஸா இருக்கு. முடுக்கிடுங்க." சிவப்பைக் கிழித்துவிட்டுப் பச்சையை ஒட்டினார்.

பயிற்சி ஓட்டத்துக்கு ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு, பெல்ட்டை மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கினாள் சின்னவள். பெரியவள் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். கார் நேராகக் கிளம்பியது, நேராகவே வேகம் எடுத்தது. முதல் வளைவு வந்ததும் சின்னவள் கைபிரேக்கை ஓர் இழு இழுத்தாள். அவ்வளவுதான், உலகம் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. கண்ணாடிக்கு முன்னால் இருக்க வேண்டிய பாதை கதவு ஜன்னலில் தெரிந்தது. டயர் கருகிய புகை உள்ளே வந்தது. பக்கத்தில் சின்னவள் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில், "மெதுவா, மெதுவா" என்று காருக்குச் சொல்லிக்கொண்டே வண்டியைத் தடுப்புச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுபோனாள்.

இரண்டாவது வளைவில்தான் பெரியவள் நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த மூட்டைப் பார்த்தாள். கார் குலுங்கிய குலுங்கலில் கூரைத் தகடு நடுங்கியது. குழாய் அசையவில்லை. அதன்பிறகு அவள் கண்ணை மூடவில்லை.

கார் நின்றதும் பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "எப்படி இருந்துச்சு?" என்றாள் சின்னவள்.

"நீ லைசென்ஸ் எங்கம்மா வாங்கின?"

சின்னவள் சிரித்தாள். பதிமூன்று நாளில் முதல் சிரிப்பு.

தகுதிச் சுற்றில் இருபத்திரண்டு பேரில் அவளுக்குப் பதினாறாவது இடம். பதினாறு பேர்தான் அடுத்த சுற்றுக்கு. கடைசி ஆள் முதல் ஆளோடு மோத வேண்டும் என்பது விதி. இருவரும் ஜோடியாக இரண்டு முறை ஓட வேண்டும், முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. முன்னால் ஓடியபோது சின்னவள் சுத்தமாக ஓடினாள்; நடுவர்களில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். பின்னால் ஓடியபோது, முன்னே போன கார் போன அளவுக்குக் குறுக்காகத் திருப்பப் பார்த்தாள். முன்சக்கரம் அவ்வளவு திரும்பவில்லை. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. தோற்றாள்.

கழன்று தொங்கிய பின்பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல அத்தை. முதல் சுத்துலயே வெளிய."

"ரெண்டு பேரும் முழுசா இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டோம் அத்தை."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஊர் எல்லை வரும்வரை சின்னவள் அந்த ஒரு சுற்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். எந்த இடத்தில் கார் கைமீறிப் போனது, எந்த இடத்தில் முன்சக்கரம் அதற்கு மேல் திரும்பாமல் நின்றுபோனது.

"சக்கரத்தைத் திருப்புற கைத்தகடு நீளமா இருக்கு" என்றாள் பெரியவள். "அத அறுத்து, குட்டையாக்கிப் பத்தவைக்கணும். நான் இதுவரைக்கும் அந்த வேலை செஞ்சதில்ல. வருமான்னு தெரியாது."

"வராதுன்னா வராதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன். மொதல்ல ஒரு பழைய துண்டுல வெல்டு வச்சு, உடைச்சுப் பாக்கலாம்."

"எப்போ?"

"நாளைக்கு மத்தியானம் ஒரு கேட் டெலிவரி இருக்கு. அது போனதும்."

சின்னவள் கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், வண்டியைத் தெருவுக்குள் திருப்பினாள்.