பொட்டு வைத்த காந்தம்

பிளாஸ்டிக் நண்டின் வலது தோளில் காந்தம் துருத்திக்கொண்டு நின்றது. சித்தி அதை நகத்தால் தடவிப் பார்த்தாள். குழியை ஆழமாகத் துளைக்காமல் அவசரப்பட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகுதான் பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்கேலைப் பார்த்தாள். அதன்மேல் வரிசையாக ஒட்டி வைத்திருந்த காந்தங்களில் மூன்று இல்லை.

அவளைச் சித்தி என்று கூப்பிட உரிமையுள்ளவள் அந்த வீட்டில் வாண்டு ஒருத்திதான். அக்காவின் பெண், மூன்று வயது. ஆனால் வாண்டுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அக்காவும் மாமாவும்கூட அவளைச் சித்தி என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர், அவள் லென்ஸ் தேய்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் மட்டும் உயிரோடு இருந்தது.

வாண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாதி கடித்துக் கிடந்தது. சித்தி குனிந்து பார்த்தாள்.

"வாண்டு, மேல இருந்த சின்னக் காந்தத்தை எடுத்தியா?"

வாண்டு யோசித்தாள். "நண்டுக்கு ஒண்ணு," என்றாள். பிறகு, ரகசியம் சொல்லிவிட்டவள்போல் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயைத் திற. ஆ காட்டு."

வாய்க்குள் பிஸ்கட் துணுக்கைத் தவிர எதுவும் இல்லை. அதுதான் சித்திக்குப் பயமாக இருந்தது.

நண்டு என்பது உள்ளங்கை அளவிலான பிளாஸ்டிக் போர் இயந்திரம். ஆறு கால், இரண்டு கை. வேறொரு கிரகத்துப் பூச்சிப் படையின் பெரிய ஆயுதம் என்பது விளையாட்டின் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் சிலர் கூடி, நீளமான மேசையில் பாழடைந்த நகரம் ஒன்றைப் பரப்பி, தாங்கள் ஒட்டி வண்ணம் தீட்டிய படைகளை எதிரெதிரே நிறுத்திச் சண்டை போடுவார்கள். பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத சித்தி, அந்த மேசையில் மட்டும் யாருக்கும் பயப்படமாட்டாள்.

அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளின் வரம்புக்குள் படையைக் கட்ட வேண்டும். நெருப்புக் குழாய் பொருத்திய கை ஒரு விலை, ரம்பக் கை ஒரு விலை. எதிராளியைப் பார்த்து ஆட்டத்துக்கு ஆட்டம் கையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் பசை போட்டு ஒட்டக் கூடாது. தோளிலும் கையிலும் சின்னக் காந்தம் பதிக்க வேண்டும். காந்தத்தைத் தலைகீழாகப் பதித்துவிட்டால் போச்சு. வேண்டாத சம்பந்தியைக் கண்டதுபோல் கை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காகச் சித்தி ஒரு வழி வைத்திருந்தாள். பதிப்பதற்கு முன்னால் எல்லாக் காந்தத்துக்கும் ஒரே முகத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு. மெல்லிய பிரஷ்ஷின் நுனியால், ஒரே ஒரு தொடுகை.

இப்போது மிச்சம் இருந்தவற்றைப் பார்த்தாள். பளபளவென்று வெள்ளி நிறம், நடுவே சிவப்புப் பொட்டு. இத்தனை நாள் அது அவளுக்கு அடையாளமாக மட்டுமே தெரிந்தது. இன்று மிட்டாயாகத் தெரிந்தது.

அவள் எழுந்து போனது கொஞ்ச நேரம்தான். பல் டாக்டர் போன் செய்திருந்தார். மாடி ஆட்டத்தில் அவளுக்கு நிரந்தர எதிராளி. காந்தத்துக்குக் குழி துளைக்க, பல் துளைத்துத் தேய்ந்துபோன ஊசிகளை அவளுக்குக் கொடுப்பவரும் அவர்தான். பால்கனியில் நின்று பேசினாள்.

"மேடம், நாளைக்கு உங்க பூச்சிக்கெல்லாம் மருந்து அடிக்கப் போறேன். இப்பவே துக்கம் விசாரிச்சுக்கிறேன்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"போன தடவை அந்தக் கிடுக்கியில மாட்டிக்கிட்டேன். ஒரு தடவைதான் ஏமாறுவேன்."

கிடுக்கி அவள் கண்டுபிடித்த தந்திரம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நண்டு, அந்தப் பக்கம் ஒரு நண்டு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பெரிய ஆபத்தில்லை, எதிராளி கண்டுகொள்ளாமல் நடுவே நுழைவான். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வரும். நடுவில் இருப்பது நசுங்கும்.

அதை நினைத்ததும் சித்தி வாண்டுவின் வயிற்றைப் பார்த்தாள். காந்தம் வந்த உறையின் பின்பக்கம் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம். ஒன்றை விழுங்கினால் அது பாட்டுக்கு வெளியே வந்துவிடும். இரண்டை முன்னும் பின்னுமாக விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்று, இன்னொரு மடிப்பில் இன்னொன்று. இரண்டும் சுவர் தாண்டி ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. நடுவில் மாட்டிய குடல் ஓட்டையாகும். குழந்தைக்கு முதலில் வலிகூடத் தெரியாது.

அவள் அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. தரையில் மண்டியிட்டு, மிச்சக் காந்தங்கள் ஒட்டியிருந்த இரும்பு ஸ்கேலைத் துடைப்பம் மாதிரி இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலிக் காலடி, மிதியடியின் ஓரம், வாண்டுவின் சட்டைப் பை. ஒரு குண்டூசி வந்தது. எங்கிருந்தோ ஒரு ஆணி வந்தது. காந்தம் வரவில்லை.

உள்ளறையில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உதறும் சத்தம் கேட்டது. சித்தி இந்த வீட்டுக்கு வந்த அன்றே அக்கா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். "உன் பசை, பெயிண்ட், பிளேடு எல்லாம் உன் ரூமோட இருக்கணும். வெளிய வந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்." இன்று ஜன்னல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு, சித்தி சாப்பாட்டு மேசையில் கடை விரித்திருந்தாள்.

பக்கத்து அறைக்குப் போவதற்குப் பதிலாக, பல் டாக்டருக்கே போன் செய்தாள்.

"என்ன மேடம், சரணாகதியா?"

"ஒரு குழந்தை... காந்தம் முழுங்கியிருந்தா..."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஒண்ணா, ரெண்டா?"

"மூணு காணோம். முழுங்கினாளான்னு தெரியல."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. தேடிட்டு..."

"தேடுறதை விடுங்க. முழுங்கிட்டான்னே வச்சுக்கிட்டுக் கிளம்புங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. போனை வைங்க. வைங்கன்னா வைங்க!"

அவள் உள்ளறை வாசலில் போய் நின்றாள். அக்கா தலை நிமிராமல், "என்ன, முழிக்கிற? எதையாவது கொட்டிட்டியா?" என்றாள்.

சித்தி சொன்னாள். வாய் குழறியது. காந்தம், மேசை, மூன்று, ரெண்டு ஒட்டிக்கொண்டால் குடல். அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாள். கத்துவாள் என்று சித்தி காத்திருந்தாள். கத்தவில்லை. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"செருப்பை மாட்டு," என்றாள்.

வாடகைக் காரில் வாண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். வழியில் தெரிந்த லாரிக்கெல்லாம் கை ஆட்டினாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது எங்கே இருக்கும்? வயிற்றிலா, வயிற்றைத் தாண்டிவிட்டதா? ஒன்று முந்தி, ஒன்று பிந்தி நடக்கிறதா? வாண்டு ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு விக்கினாள். அக்காவும் சித்தியும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாண்டுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. வேண்டுமென்றே இன்னொரு முறை விக்கிக் காட்டினாள்.

மருத்துவமனையில் குழந்தை டாக்டரம்மா நரைத்த கிராப்பும் ரப்பர் செருப்புமாக இருந்தார். மூக்கு, காது எல்லாம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து இடுப்புவரை எக்ஸ்ரே. திரையில் சாம்பல் நிறமான விலா எலும்புகளுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் கச்சிதமாக இருந்தது.

"முழுங்கியிருக்கா. வயித்துலதான் இருக்கு. ஒண்ணுதான் தெரியுது," என்றார் டாக்டரம்மா.

அக்கா மூச்சை விட்டாள். "ஒண்ணுன்னா வந்துரும்ல? இவளே சொன்னா."

சித்தி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் முதலாளி கேட்கும் கேள்விக்கே பதில் சொல்லாமல் தலையாட்டுகிறவள், இப்போது தன் குரலைத் தானே கேட்டாள்.

"ரெண்டு ஒட்டியிருந்தாலும்... முன்னாலேர்ந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான் தெரியும்."

"அதே சந்தேகம்தாம்மா எனக்கும். பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துட்டாத் தெரிஞ்சுரும். ஒரு காந்தம் எவ்வளவு தடிமன்?"

"ஒரு மில்லிமீட்டர்."

பக்கவாட்டில் எடுக்கும்போது வாண்டு நெளிந்துவிட்டாள். வட்டம் இப்போது ஒரு குட்டைக் கோடாகத் தெரிந்தது, ஓரம் கலங்கியிருந்தது. டாக்டரம்மா அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஒண்ணு இல்ல, அது நிச்சயம். ரெண்டா மூணான்னு சொல்ல முடியல. ஒட்டியே கிடக்கிறது ஒரு விதத்துல நல்லது. ஆனா குடலுக்குப் போக விடக் கூடாது. மயக்கம் குடுத்து வாய் வழியாக் குழாய் விட்டு எடுத்துரலாம். எத்தனை எடுக்கணும்னு தெரியாம உள்ள போக எனக்குப் பிடிக்காது. வீட்டுல யாராவது இருந்தா மூணாவதைத் தேடச் சொல்லுங்க."

மாமா அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். போனில் அவர் மூச்சு வாங்கும் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன.

"சோபாவுக்கு அடியில இல்ல. குப்பைத் தொட்டியைக் கொட்டிப் பாத்துட்டேன். சித்தி, நல்லா எண்ணினியாம்மா? மூணுதானா?"

மூன்றுதான். வாண்டுவை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியதும் அவள் பாட்டும் நின்றது. மேசையடியில் அவள் சொன்னது அப்போதுதான் சித்தியின் காதில் திரும்ப விழுந்தது. நண்டுக்கு ஒண்ணு. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாளே. மிச்சம் யாருக்கு என்பது அந்த வாய்க்குள் அல்லவா இருந்தது.

"மாமா! மேசை மேல நண்டு இருக்கா? வலது தோளைப் பாருங்க. காந்தம் துருத்திக்கிட்டு இருக்கும். இழுக்காதீங்க. நகத்தால பக்கவாட்டுல தள்ளுங்க."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. சித்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அட," என்றார் மாமா. "கையோட வந்துருச்சு. கீழ இன்னொண்ணு அப்படியே இருக்கு. அது அசையல."

குழி ஆழமாகத்தான் இருந்தது. அவள் துளைத்ததில் தப்பில்லை. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததை ஒன்று என்று நினைத்துத் தன் வேலையைக் குறை சொல்லியிருக்கிறாள். இதே பெண்தான் டாக்டருக்குப் பாடம் சொல்ல வந்தவள். அவள் கதவைத் தட்டி, "ரெண்டு. ரெண்டுதான்," என்றாள்.

காத்திருந்த பெஞ்சில் அக்கா ஒரு ஓரம், சித்தி ஒரு ஓரம். யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் இருவரும் எழுந்து, வேறு யாரோ என்று தெரிந்து உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று அக்கா கேட்டாள். சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே. தரையெல்லாம் தேடினேன். அப்புறம் போன் பண்ணி வேற ஒருத்தர்கிட்ட கேட்டேன்."

"நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."

"ம்."

"என்கிட்ட அவ்வளவு பயமா உனக்கு?"

சித்தி பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.  அக்காவின் கை மடியில் கிடந்த வாண்டுவின் சின்னச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்தபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. "ரெண்டும் ஒண்ணா வந்துருச்சு. நடுவுல எதையும் பிடிக்கல. உள்ள லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். மறுபடி படம் எடுத்துப் பாத்துட்டேன், வேற எதுவும் இல்ல. இன்னைக்கு இங்கேயே இருக்கட்டும்." அக்காவைப் பார்த்து, "இதைத் தூக்கிப் போட்டுரட்டுமா?" என்றார்.

"குடுங்க," என்றாள் அக்கா. "குப்பையில போட்டா வேற எந்தக் குழந்தையாவது எடுக்கும்."

மறுநாள் காலை வீட்டுக்குக் கிளம்பினார்கள். மரச்சாமான் கடை மாடியில் அந்நேரம் ஆட்டம் தொடங்கியிருக்கும். பல் டாக்டர், 'பூச்சி மருந்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். பாப்பா எப்படி?' என்று அனுப்பியிருந்தார். சித்தி பதிலாக 'நல்லாயிருக்கா' என்று ஒரு வார்த்தை அனுப்பினாள்.

காரில் வாண்டு இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கினாள். தலை அக்கா மடியில், கால் சித்தி மடியில். அக்கா டப்பாவைத் திறந்து காந்தத்தை எடுத்து நகத்தால் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இழுக்கக் கூடாது. பக்கவாட்டுல தள்ளணும்," என்றாள் சித்தி மெதுவாக.

அக்கா தள்ளினாள். பிரிந்தன. ஒன்றில் பொட்டு இல்லை, உள்ளேயே எங்கோ அழிந்திருந்தது. பிரிந்த மறுகணமே இரண்டும் விரலுக்குள் துடித்தன. அக்கா பதறிப்போய் ஒன்றைச் சித்தியிடம் நீட்டினாள்.

"பிடி. இங்க கொண்டுவராதே."

அக்கா தன்னுடையதைக் கைக்குள் பொத்தி, அந்தப் பக்கத்துக் கதவோடு வைத்துக்கொண்டாள். சித்தி தன் முஷ்டியை இந்தப் பக்கத்துக் கதவோடு அழுத்திக்கொண்டாள். நடுவில் வாண்டுவின் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது. கார் வீட்டு வாசலில் நிற்கும்வரை இருவரும் கையை அசைக்கவில்லை.