மேட்டில் ஏறிய தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. என்ன வெட்கம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்காமல் என்னைத் திட்டப் போய்விடுவீர்கள்.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன். "பாக்தாத் வெயில் அன்று..." வேண்டாம், எங்கள் வெயிலை யாருக்குப் புதிதாகச் சொல்ல? "அறிவியல் என்பது..." ஐயோ. மூன்றாவது பரவாயில்லை:

நிப்ராஸ் கணினியின் மூடியைக் கழற்றியபோது உள்ளே பதினோரு வருடத் தூசி இருந்தது.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. பாசனத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறாள். தியாலா ஆற்று மதகை இவ்வளவு திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்பதுதான் ஆய்வு. கணினி அந்தக் கணக்கை முடிக்க ஐம்பத்திரண்டு மணி நேரம் வேண்டும். வெள்ளி நண்பகலில் தொடங்கினால் ஞாயிறு காலை பத்து மணி வாய்மொழித் தேர்வுக்கு இருப்பதோ நாற்பத்தாறு. இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது.

2

பிராசசரின் வேகம் மூன்று புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ். அதை நான்கு புள்ளி இரண்டுக்கு ஏற்றினால் நாற்பத்திரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிப்ராஸ் அவசரக்குடுக்கை இல்லை. தூசியை ஊதினாள், பிராசசர் மேல் சூட்டைக் கடத்தப் பூசும் பசை காய்ந்திருந்ததைத் துடைத்துப் புதுசு தடவினாள். மின்னழுத்தத்தை லேசாக மட்டும் தொட்டு, வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் முழுமூச்சாக ஓடவிட்டுச் சூட்டைக் குறித்துக்கொண்டாள். கடைசிப் படியில் எழுபத்தொரு டிகிரி. நண்பகலில் கணக்கைத் தொடங்கினாள்.

(இங்கே ஒன்றை வேண்டுமென்றே மறைத்தேன். சோதனை நடந்த நேரமெல்லாம் அரசு மின்சாரம் இருந்தது, ஏசி ஓடியது.)

இரண்டு மணிக்கு அரசு மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் வந்தது. அந்த லைனில் கணினியும் ஒரு ஃபேனும்தான் ஓடும். அறை கொதித்தது, பிராசசர் தொண்ணூற்றாறைத் தொட்டது. அணைந்து தொலைந்திருந்தால்கூடத் தேவலை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தெரு ஜெனரேட்டரை நடத்துகிறவன் அவள் தம்பி கஸ்ஸான். கூப்பிட்டுத் திரையில் ஓடும் கணக்கைக் காட்டினாள்.

"இங்க பாருடா. தண்ணி மேட்டுல ஏறுது."

"நல்லதுதானேக்கா. பம்பு செலவு மிச்சம்."

"உளறாத. சூடு ஏறினா இது சாகாது, பொய் சொல்லும். இந்தத் தடவை மேட்டுல ஏறிக் காட்டிக்கொடுத்துடுச்சு. இல்லன்னா நம்பியிருப்பேன்."

"அப்ப வேகத்தைக் குறை."

"மூணு புள்ளி எட்டுல எண்பது டிகிரிதான், தாங்கும். ஆனா சூடு ஏறுறதுக்கு முன்னாடி, ரெண்டு மணிக்குப் பதிவான இடத்துலேர்ந்து ஓட்டினா ஞாயித்துக்கிழமை பத்தே முக்காலுக்குத்தான் முடியும்."

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? ஏசிக்கும் சேத்து ஆம்பியர் போட்டுத் தர்றேன், போ."

3

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டேன். ஏசி ஓடியது, கணக்கு முடிந்தது, பட்டம் கிடைத்தது, எல்லோரும்...

திரும்பப் படித்தபோது உறுத்தியது. ஜெனரேட்டரில் உபரி ஏது? யாரோ ஒருவரின் லைனைப் பிடுங்கித்தான் கஸ்ஸான் கொடுத்திருப்பான். சரி, பக்கத்து வீட்டு உம் ரஅத் என்ற விதவையின் லைன் என்று எழுதினேன். அவள் ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்தேன். உங்களை அழவைக்கும் மலிவான வேலை, எடுத்துவிட்டேன். இப்போது மீன் மட்டும்தான் இருக்கிறது. மீனுக்காக நிப்ராஸ் தயங்க மாட்டாள் என்று நினைத்தேன்.

"யாரோட லைன்டா இது?"

"உம் ரஅத்தோடது. ரெண்டு நாள்தானேக்கா. மீன் கெட்டா நான் வாங்கித் தர்றேன்."

"பக்கத்து வீட்டுக்கே கரண்ட் வராம நிறுத்திட்டு, நான் கடைமடைக்குத் தண்ணி போகுமான்னு ஆராய்ச்சி பண்றேனா? மாட்டுடா திரும்ப!"

"உன்னைத் திருத்தவே முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். அவள் மூன்று புள்ளி எட்டுக்கு இறங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

4

ஞாயிறு, காலை பத்து. கணக்கு தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் இருக்கிறது. வீட்டுக் கணினியோடு இணைத்த தேர்வறைத் திரையில் தண்ணீர் கடைமடைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நிற்கிறது. தேர்வாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"கதையெல்லாம் வேணாம்மா. தண்ணி போய்ச் சேருதா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். நானும் ஏசி அறையில் சோதித்து, ஏசி இல்லாமல் ஓட்டியவன். தொண்ணூற்றாறு டிகிரியைக் கண்ணால் பார்த்தவன். என் தண்ணீர் மேட்டில் ஏறவில்லை, ஒழுங்காகத்தான் ஓடியது. "சேருகிறது" என்றேன். பாஸ் ஆனேன். நூலகத்தில் என் ஆய்வேட்டின் அட்டையில் என் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. அதை நம்பி யார் எந்த மதகைத் திறந்தார்களோ, நான் விசாரிக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நிப்ராஸ் வாயைத் திறக்கிறாள். அவள் பதிலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, நீங்கள் எழுதுங்கள். நான் போய் என் பழைய கணக்கை மூன்று புள்ளி நான்கில் மறுபடி ஓடவிடுகிறேன்.

எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.